உப்பு பூத்த புல்வெளி: ஊட்டிக் குளிர் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இந்த வருஷம் தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் உறைபனி படிந்து புல் வெளுத்துவிட்டது. படம் பத்திரிகைகளில் வந்தாலும் வந்தது, இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி "உறவுக்காரர் வருகிறார், என்ன செய்யலாம்?" என்றே கேட்கின்றன. தோட்டக்கலைத் துறையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊட்டி காந்தலில் வீடு. எங்கள் சொந்தத்தில் யார் மலையேறினாலும் இறங்குகிற சத்திரம் அதுதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

என் சித்திக்கு 68 வயது. முதல் முறையாக ஊட்டி பார்க்க ஆசைப்படுகிறார். நவம்பர் கடைசி வாரத்துக்கு அறை போட்டாயிற்று. இப்போது பார்த்து உறைபனி என்கிறார்கள். வரலாமா, தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

வாருங்கள். தை பிறந்தால் குளிர் விட்டுவிடும் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே டிசம்பர், ஜனவரியில்தான் பனி நன்றாகப் பிடிக்கும், பிப்ரவரி வரை இழுக்கும். அதற்கும் பயந்து ஒத்திப் போட்டால் ஏப்ரல், மே கூட்டத்தில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். அப்போது சித்தி பார்க்கப்போவது முன்னால் நிற்கும் வேனின் பின்பக்கத்தை.

ஆனால் இடங்களை வைத்துத் திட்டம் போடாதீர்கள், மணியை வைத்துப் போடுங்கள். உறைபனி விழுகிற நாளில் பகல் பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும். வெயிலில் நின்றால் முகம் சுடும், இரண்டடி தள்ளி மர நிழலுக்குப் போனால் பல் தந்தியடிக்கும். வயதானவர்களுக்குக் காலை பத்திலிருந்து மூன்றரை வரைதான் நாள். பத்து மணிக்குப் பூங்கா, சாப்பாட்டுக்குப் பிறகு ஏரிக்கரை, நாலு மணிக்கு அறைக்குத் திரும்பி வர்க்கியும் டீயும். (ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதற்கு முன்பும் அது வர்க்கிதான்.)

ஒரே கனத்த கோட்டு வேண்டாம். மெல்லியதாக மூன்று அடுக்கு போட்டால் மதியம் ஒன்றைக் கழற்றலாம், சாயங்காலம் மறுபடி மாட்டலாம். காதை மூடினால் பாதிக் குளிர் போச்சு. சேலை கட்டுகிற சித்திகள் சாக்ஸ் போட மாட்டேன் என்பார்கள். கட்டைவிரல் தனியாகப் பிரித்த சாக்ஸ் விற்கிறது, செருப்போடு போடலாம். அதை மதுரையிலேயே வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்கும். முதல் நாளை மெதுவாகவே ஓட்டுங்கள். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா என்று ஏதாவது இருந்தால் கிளம்புமுன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையும் இன்ஹேலரும் அறையில் கிடக்கிற பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும்.

உறைபனி பார்ப்பதற்காக விடியற்காலை தொட்டபெட்டா போகலாம் என்கிறார் என் மைத்துனர். உயரம் கூடினால் குளிரும் கூடும்தானே?
– வாசகர், விருதுநகர்

உங்கள் மைத்துனர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பனிக்கு அந்த நியாயம் தெரியாது.

உறைபனி மேலேயிருந்து விழுவதே இல்லை. 'பனி விழுகிறது' என்று நாம் வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியில் வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் போர்வை மாதிரி அந்தச் சூட்டைத் தடுத்து வைக்கும். வடகிழக்குப் பருவமழை நடுவே நாலு நாள் ஓய்ந்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆகி, காற்றும் நின்றுவிட்டால் தரை குளிர்ந்துகொண்டே போகும். காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேலேயே படிந்து உறையும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா உச்சியை விட, கீழே கிண்ணம் போலக் கிடக்கும் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் வெள்ளை அதிகம்.

வெப்பமானியைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அது தரையிலிருந்து நாலடிக்கு மேல் இருக்கும். அதில் மூன்று டிகிரி காட்டும்போதே கீழே புல் உறைந்திருக்கும்.

முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் கண்ணைக் குத்துகிறதா, மரத்தில் இலை அசையவில்லையா? அப்படியென்றால் காலை ஆறரைக்குத் தலைகுந்தா. மேகம் போட்டிருந்தால் யாரையும் எழுப்பாதீர்கள், பாவம், தூங்கட்டும். சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். புல்வெளிக்குள் இறங்க வேண்டாம், அந்த நேரத்துக்குக் காட்டெருமை மேயும்.

என் சித்தப்பாவை அப்படித்தான் கூட்டிப் போனேன். தூத்துக்குடிக்காரர், உப்பளத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். வந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மின்விசிறி எங்கே என்று கூரையை அண்ணாந்து தேடினார். ராத்திரி இரண்டு கம்பளிக்கு அடியிலிருந்து, "இங்கெல்லாம் மனுஷன் குடியிருப்பானா?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. காலையில் தலைகுந்தாவில் ஆட்டோவை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன புள்ள, இங்கேயும் பாத்தி கட்டியிருக்கான்?"

மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். ஒரு புல்லை மட்டும் பிடித்துப் பார்த்தார். அதன் இரண்டு ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக ஊசி நிற்கிறது, ரம்பப் பல் மாதிரி. பக்கத்தில் கிடந்த காய்ந்த இலையின் நரம்பு நரம்பாக அதே ஊசி. விரலால் வழித்தார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். "உப்பில்லியே புள்ள!"

அரை மணி நேரத்தில் மலைக்கு மேலே வெயில் எட்டிப் பார்த்தது. வெளிச்சத்தின் விளிம்பு மைதானத்தில் நகர நகர, அது தொட்ட இடமெல்லாம் வெள்ளை போய்ப் பச்சையாகி ஆவி கிளம்பியது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊர்ல வெயில் ஏறினா வெளையும். இங்க வெயில் ஏறினா கரையுது."

அப்பா ரொம்பக் குளிர்கிறது என்கிறார். அறையில் கரி அடுப்பு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருவாரூர்

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கதவையும் சன்னலையும் சாத்திவிட்டுக் கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இராது, இருமல் வராது, தூக்கம் மட்டும் வரும். தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் இந்த மலையில் உண்டு.

கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில் நானே செய்த முட்டாள்தனம் இது. கணப்புச் சட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மண்டையைப் பிளக்கிற வலி, வாந்தி. நாங்கள் பிழைத்ததற்குக் காரணம், வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்று மாதமாகச் சொல்லியும் சரி செய்து தராத, சரியாக மூடாத ஒரு சன்னல். அன்றைக்குப் பிறகு அவரை நான் திட்டியதே இல்லை.

மின்சார ஹீட்டர் கேளுங்கள், அதையும் துணியிலிருந்து தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் வெந்நீர்ப் பை. படுக்கும் முன் பத்து நிமிஷம் மெத்தையின் கால்மாட்டில் வைத்தால் போதும், அப்பா விடியும் வரை சுகமாகத் தூங்குவார்.

மாமியாரைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். பாதிச் செடியை ஏதோ குச்சியால் மூடி வைத்திருந்தார்கள். காசு கொடுத்துப் போனது குச்சி பார்க்கவா?
– வாசகர், ஈரோடு

அந்தக் குச்சியைப் போர்த்தியவர்களில் நானும் ஒருத்தி, அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்கிறேன். அது மிலார் என்கிற செடி. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரும். உறைபனியில் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து உள்ளே கிழித்துவிடும். அப்புறம் வெயில் பட்டதும் இலை தீயில் வாட்டியது போலக் கருகும். மிலார் போர்த்தினால் பனி அதன் மேல் படியும், செடி தப்பிக்கும். அதிகாலையில் புல்தரைக்குத் தண்ணீர் தெளிப்பதும் இதற்காகத்தான், வெயில் வருவதற்குள் பனியைக் கழுவி இறக்க வேண்டும். தேயிலை, உருளைக்கிழங்கு போட்டவர்கள் இதே வேலையை ஏக்கர் கணக்கில் செய்கிறார்கள். விரல் மரத்துப்போய் மிலார் கீறினது கூடத் தெரியாது, டீ கிளாஸைப் பிடிக்கும்போதுதான் எரியும்.

1848இல் தொடங்கிய பூங்கா அது. பூ வேண்டுமானால் மே மாதம். குளிர்காலத்தில் மாமியாரைப் பெரிய மரங்களுக்கு அடியில் நடத்திக் கூட்டிப் போங்கள். கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று இருக்கிறது, வயது இரண்டு கோடி வருஷம். அதன் முன்னால் எந்த மாமியாரும் சின்னப் பெண்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வரலாம் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். நம்பலாமா?
– வாசகர், சேலம்

நவம்பரில் அரைகுறையாகத்தான் நம்பலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பற்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு வருகிற பகுதிதான் அழகு. மழையில் மண் சரிந்து மூடுவதும் அதே பகுதிதான். சரிவு விழுந்தால் அந்த ரயில் ரத்து. டிக்கெட் எடுங்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள். ரத்தானால் சாலையில் ஊட்டி வந்து சேர்ந்து, ஊட்டியிலிருந்து குன்னூர் வரை டீசல் எஞ்சின் ரயிலில் அத்தையை உட்கார வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கேத்தி பக்கம் பள்ளத்தாக்கு விரியும். குன்னூர் தாழ்வான ஊர், அத்தைக்குக் குளிரும் கொஞ்சம் விடும்.

சொந்தக் காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து வெளிமாவட்ட வண்டிகளுக்கு அது வேண்டும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை, வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவாருங்கள். காலையில் கார்க் கண்ணாடியில் பனி கட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பச்சைத் தண்ணீர் போதும்.

விடுதிச் சமையலறையில் நாமே சமைக்க விட்டார்கள். திறந்த பாத்திரத்தில் பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பருப்பு பழசா? தேங்காய் எண்ணெயும் கல்லாகிவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

பருப்பு மேல் பழி போடாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. எவ்வளவு கொதித்தாலும் பருப்புக்கு அது காணாது. குக்கர் இல்லாமல் ஊட்டியில் குடித்தனம் இல்லை.

எண்ணெயை வாய் அகன்ற டப்பாவில் கொண்டுவாருங்கள், கரண்டியால் சுரண்டிக்கொள்ளலாம். சித்தப்பா குறுகின கழுத்துப் பாட்டிலில் கொண்டுவந்து, மூன்று நாள் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் என் கணவர் கடையிலிருந்து நல்லெண்ணெய் வாங்கிவந்து கொடுத்தார்.