ஹாக்கி டிஃபென்ஸில் யாரோடு யாரை நிறுத்துவது?

எங்கள் டீமில் இரண்டு டிஃபெண்டர்களும் டேக்கிளில் கில்லாடிகள். சேர்ந்து ஆடும்போதுதான் கோல் வாங்குகிறோம். ஏன் சார்? (திருமங்கலம்)

இரண்டு பேருமே பந்தைப் பறிக்கப் போகிறார்கள், அதான். ஒருவர் பாய்ந்தால் மற்றவர் நாலடி பின்னால், கோலுக்கும் பந்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒருவரை மாற்றிவிட்டு, டேக்கிள் சுமாராக இருந்தாலும் இடம் பார்த்து நிற்கிற பையனைப் போடுங்கள். அவன் பேசுகிறவனா என்றும் பாருங்கள். பயிற்சியில் நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வேன். "நான் போறேன்", "நில்லு", "உள்ளே தள்ளு" என்று குரல் வந்துகொண்டே இருந்தால் அந்த ஜோடி தேறும். சத்தமே இல்லையென்றால், ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரித்துவிடுவேன்.

லெஃப்ட் பேக்குக்கு இடதுகைப் பழக்கமுள்ள பையனைப் போடலாமா? (மேலூர்)

ஹாக்கியில் இடதுகை மட்டையே கிடையாது. எல்லோருக்கும் ஒரே மட்டை, தட்டையான பக்கத்தில்தான் பந்தைத் தொடலாம். அதனால் எல்லோருக்குமே வலப்பக்கம் பலம், இடப்பக்கம் ரிவர்ஸ், அதாவது மட்டையைத் திருப்பிப் பிடித்துத்தான் ஆட வேண்டும். லெஃப்ட் பேக்கின் சங்கடம் அங்கேதான். எதிரணி ரைட் விங் கோட்டோரமாக ஓடினால் பந்து இவருடைய ரிவர்ஸ் பக்கம் போகும். கோட்டை அடைத்து உள்ளே திருப்பினால் மட்டைக்கு வசதி, ஆனால் உள்ளே ‘டி’ (கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டம்) இருக்கிறதே! ஆகவே இடப்பக்கம் வேகமான கால், அவருக்கு உள்பக்கத்தில் அசையாத நிதானசாலி. கைப்பழக்கத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்.

ஜோடியில் ஒருவர் கார்டு வாங்கி வெளியே போனால்? (வாடிப்பட்டி)

பச்சை என்றால் 2 நிமிஷம், மஞ்சள் என்றால் குறைந்தது 5. அதுவரை ஒரு ஃபார்வர்டைக் கீழே இறக்குங்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக் காலிறுதி நினைவிருக்கும். பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிஷத்தில் நம் டிஃபெண்டர் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 40 நிமிஷத்துக்கும் மேல் பத்துப் பேர்தான். 1-1 என்று தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் 4-2 ஜெயித்தோம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைச் சொல்வார்கள், சரிதான். முன்வரிசையும் இறங்கி வந்து ஓடியதை நான் சேர்த்துச் சொல்வேன். அடுத்த அரையிறுதிக்கு ரோகிதாஸ் இல்லை, ஜெர்மனியிடம் 2-3. மாற்று ஜோடியை முன்கூட்டியே ஆடவைத்துப் பழக்குங்கள் என்று கத்துவது இதற்குத்தான்.

ஹாக்கி இந்தியா லீகில் வெளிநாட்டு டிஃபெண்டர்கள் இரண்டு பேரையும் சேர்த்தே நிறுத்தலாமே? (மதுரை, கே.கே. நகர்)

நான் மாட்டேன். 2024-25 சீசனில் ஓர் அணியின் 24 பேரில் 8 பேர் வெளிநாட்டவர். கூடிப் பழகக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். பக்கத்துக்கு ஒருவராகப் பிரித்து, கூட நம் பையனை நிறுத்தினால் அவனும் கற்றுக்கொள்வான். இன்னொன்று, பெனால்ட்டி கார்னரில் டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து வீசுவது) அடிப்பவர் பெரும்பாலும் டிஃபெண்டராகவே இருப்பார். அவர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் அந்த நேரத்தில் உள்ளே கூப்பிட முடியாது, விதி அப்படி. ஜோடியை மாற்றுமுன் இதையும் கணக்குப் போடணும்.

மண் தரையில் ஆடிப் பழகியவர்கள் நாங்கள். மதுரை ரேஸ்கோர்ஸ் டர்ஃபில் (செயற்கைப் புல்தரை) திணறுகிறோம். (உசிலம்பட்டி)

மண்ணில் பந்து எகிறும் என்று நிமிர்ந்தே நிற்பீர்கள். டர்ஃபில் குனியுங்கள் தம்பி, மட்டை தரையில் கிடக்கட்டும். ஜோடிக்கு நடுவே இருக்கும் இடைவெளியையும் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே பாஸ் உங்களைக் கேட்டுக்கொண்டு வராது.