குமரி மாவட்ட ரோட்டுக்கு கியர் சைக்கிளா, ஃபிக்ஸட் வீலா? இந்தப் பல் கணக்கு என்ன?

கேட்டிருப்பது மூன்று விஷயம்: 21 கியர் என்றால் 21 வேகமா, ஃபிக்ஸட் வீல் என்பது என்ன, தக்கலை - மார்த்தாண்டம் பக்கம் தினமும் ஓட்ட எது சரி.

21 என்ற ஸ்டிக்கரை முதலில் மறந்துவிடுங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதுதான் கணக்கு. முன் செயின் வீலின் பல்லைப் பின் பல்லால் வகுத்து, டயரின் சுற்றளவால் பெருக்க வேண்டும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி டேப் வைத்து அளந்தால் சுற்றளவு கிடைத்துவிடும்.

கேரியர் வைத்த பழைய 28 இஞ்ச் சைக்கிளில் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் 44 ÷ 18 = 2.44. ஆக ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று சவிட்டினால் மணிக்கு 19 கிலோமீட்டர் சொச்சம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்வெளி ரோட்டுக்கு இது தாராளம். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை பக்கம் போனால் கேட்கவே வேண்டாம். அங்கே இதே 5.4 மீட்டர் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

இனி 21 கியர். முன்னால் மூன்று (42, 34, 24), பின்னால் ஏழு (14, 16, 18, 20, 22, 24, 28) என்று வைத்துக்கொள்வோம். மிகக் கனமானது 42/14, அதாவது 3.0. மிக லேசானது 24/28, அதாவது 0.86. 26 இஞ்ச் டயருக்கு இந்த லேசான கியரில் ஒரு சுற்றுக்கு 1.75 மீட்டர்தான் நகரும். 60 சுற்றுக்கு மணிக்கு 6 கிலோமீட்டர். நடையை விடக் கொஞ்சம்தான் வேகம், ஆனால் இறங்கித் தள்ள வேண்டியதில்லை. நடுவில் பாருங்கள்: 42/28-ம் 1.5, 24/16-ம் 1.5. 42/20, 34/16 இரண்டும் ஏறக்குறைய 2.1. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வருவதைக் கழித்தால் உருப்படியாகத் தேறுவது பன்னிரண்டு பதின்மூன்றுதான். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முன்னால் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல்?

முன் பெரியதும் பின் பெரியதும், முன் சிறியதும் பின் சிறியதும் சேர்த்து ஓட்டாதீர்கள். செயின் குறுக்காக இழுபட்டு உராயும், பல்லும் சீக்கிரம் தேயும். நின்றுகொண்டு லீவரைத் தட்டவும் கூடாது. பெடல் சுற்றிக்கொண்டே, அழுத்தத்தை மட்டும் ஒரு நொடி குறைத்து மாற்ற வேண்டும். ஏற்றத்தின் அடியிலேயே மாற்றிவிடுங்கள். பாதி ஏறி மூச்சு வாங்கும்போது மாற்றினால் 'கடக்' என்று செயின் துள்ளும். கியர் மேட்டுக்கு மட்டும்தான் என்றில்லை. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் ஆரல்வாய்மொழியில் இருந்து நாகர்கோவிலுக்கு எதிர்க்காற்றில் வந்து பாருங்கள், சமதளத்திலேயே இரண்டு கியர் லேசாக்கத் தோன்றும்.

கியர் சைக்கிள் வலது பக்கமாக விழுந்தால் டீரெய்லர் (செயினை ஒரு பல்லில் இருந்து இன்னொரு பல்லுக்குத் தள்ளும் கருவி) தொங்கும் சின்ன இரும்புத்துண்டு உள்நோக்கி வளையும். அதைக் கவனிக்காமல் பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றினால் டீரெய்லர் போக்ஸ் கம்பிக்குள் புகுந்து சக்கரத்தையே நாசம் பண்ணிவிடும். விழுந்தபின் பின்னால் நின்று, டீரெய்லர் பல்லுக்கு நேர்கோட்டில் தொங்குகிறதா என்று பாருங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. டீரெய்லரின் பின்முனைத் திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலப்பக்கமாக. ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுதான், அதற்கு மேல் வேண்டாம்.

ஃபிக்ஸட் வீலுக்கு வருவோம். சாதாரண ஃப்ரீவீலுக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகள் இருக்கும். முன்னோக்கிச் சவிட்டினால் பிடிக்கும், சவிட்டுவதை நிறுத்தினால் 'டிக் டிக்' என்று வழுக்கும். ஃபிக்ஸட் வீலில் அந்த நாக்குகளே கிடையாது. பின் பல் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடு உருளையோடு, இறுகிக் கிடக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலும் சுற்றும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைக்க முடியாது. 700 டயரில் 46/18 போட்டு மணிக்கு 36 கிலோமீட்டரில் இறங்கினால் நிமிடத்துக்கு 110 சுற்றுக்கு மேல் கால் ஓட வேண்டும். பழக்கம் இல்லாதவர் நிறுத்தப் பார்த்தால் பெடல் காலை உதறித் தள்ளிவிடும். வளைவில் சாயும்போது உட்பக்க பெடல் தரையில் தட்டவும் செய்யும்.

இதில் ஆபத்தான சமாச்சாரம் மரை, அதாவது திருகுப் புரி. முறையான ஃபிக்ஸட் ஹப்பில் பல்லுக்கு வலது மரை (வலப்பக்கம் திருப்பினால் இறுகும்). அதை அடுத்து, பல் கழலாமல் பிடிக்கும் லாக் ரிங்குக்கு ரிவர்ஸ் மரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகும்). பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பல் கழலப் பார்க்கும். கழலும் அந்தத் திருப்பமே ரிவர்ஸ் மரையில் இருக்கும் லாக் ரிங்கை இறுக்கும். சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் இந்த இரண்டாவது மரை இல்லை. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுற்றும் இடம்) ரிங்கைப் போட்டு இறுக்கித் தருகிறோம் என்பார்கள். அதுவும் வலது மரை, பல்லோடு சேர்ந்து தானும் கழலும். சம்மதிக்காதீர்கள்.

செயினின் தளர்வு நடுவில் மேலும் கீழுமாகச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இருந்தால் போதும். ஓடும்போது ஃபிக்ஸட் செயின் கழன்றால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளலாம். காலால் நிறுத்தலாம் என்று பிரேக்கைக் கழற்றுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். முன் பிரேக் கட்டாயம் வேண்டும். கைலி, சேலை, துப்பட்டாவோடு ஓட்டவே வேண்டாம், துணி மாட்டினால் சக்கரம் நிற்காது. சக்கரத்தைச் சுற்றவிட்டு செயினைத் துணியால் துடைப்பதும் கூடாது. விரல் போய்விடும்.

ஒரே ஹப்பில் ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் என்றும் உண்டு; சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட வேண்டும். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1937-ல்தான் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் மலையடிவாரத்தில் இறங்கி, மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்லுக்காகச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுத்தான் ஏறினார்கள்.

ஆகவே தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டில் ஆரம்பிப்பவருக்கு ஃபிக்ஸட் வேண்டாம், கியர்தான் சரி. புது சைக்கிள் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் பழையதில் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள். 5.4 மீட்டர் 4.4 ஆகும், செயினில் ஒரு இஞ்ச் அளவுக்குச் சேர்க்க வேண்டிவரலாம். சவிட்டும்போது பெடல் முன்னோக்கி சும்மா சுற்றினால் உடனே மாற்ற வேண்டாம், பெரும்பாலும் நாக்கில் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கும். மண்ணெண்ணெயில் அலசி, லேசான ஆயில் விட்டால் பிடிக்கும். அதிலும் வழுக்கினால் ஃப்ரீவீல் மாற்ற வேண்டியதுதான்.

குளச்சல், முட்டம் போல் கடலோரம் என்றால் உப்புக் காற்றும் மணலும் செயினைத் தின்றுவிடும். 12 இஞ்ச் ஸ்கேலைச் செயினின் ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஊசியின்) நடுவில் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் 12-வது இஞ்சில் சரியாக ஒரு பின் நிற்கும். அது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பின் பல்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் போட்டால் அதன்மேல் துள்ளும்.