ரௌட்டரும் மோடமும் மாதக் கரண்ட் பில்லில் எவ்வளவு?

கேள்வி: ஃபைபர் மோடம், கீழே ஒரு வைஃபை ரௌட்டர், மாடியில் இன்னொன்று, கேமராக்களுக்கு ஒரு டிவிஆர் (காட்சிகளைப் பதியும் பெட்டி). எல்லாம் இரவு பகலாக ஓடுகின்றன. அடாப்டர்களில் போட்டிருப்பதைக் கூட்டினால் 72 வாட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டும் இதற்கே போய்விடுமா?

பதில்: கணக்கு சரி, எடுத்த எண்தான் தப்பு. 72 வாட் 60 நாள் விடாமல் ஓடினால் 103 யூனிட்டைத் தாண்டும். ஆனால் ‘12 வோல்ட், 2 ஆம்பியர்’ என்பது அந்த அடாப்டர் அதிகபட்சம் தரக்கூடியது. ரௌட்டர் எந்நேரமும் அவ்வளவு இழுக்காது. சாதாரண வீட்டு ரௌட்டர் பெரும்பாலும் 10 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் எலக்ட்ரீஷியனின் கிளாம்ப் மீட்டரை நம்பி இறங்காதீர்கள். அது 0.08 ஆம்பியர் காட்டினால், 230-ஆல் பெருக்கி 18 வாட் என்று சொல்லிவிடுவார்கள். சின்ன அடாப்டர்களின் பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு, 0.5-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்போது உண்மையில் போவது 9 வாட்தான். வீட்டு மீட்டர் யூனிட்டாக எண்ணுவதும் அதைத்தான்.

பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்கினால் வேலை சுலபம். மலிவான மீட்டர்கள் நாலைந்து வாட்டில் தடுமாறும். அதனால் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஒரு முழு நாள் ஓடவிட்டு, வாட்டைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் சின்ன விளக்கைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 3200 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் 1 யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட மற்றதையெல்லாம் அணையுங்கள். இன்வெர்ட்டரை பைபாஸில் போடுங்கள். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு கந்தல்தான். ரொம்பச் சின்ன லோடை மீட்டர் கண்டுகொள்ளாமலும் விடலாம். அதற்கு ஒரு 40 வாட் குண்டு பல்பைத் துணைக்குப் போடுங்கள். 3200 மீட்டரில் பல்பு மட்டும் எரிந்தால் 10 சிமிட்டலுக்கு சுமார் 281 விநாடி. ரௌட்டரையும் போட்டபின் அது 225 ஆகக் குறைந்தால் மொத்தம் 50 வாட். ரௌட்டரின் பங்கு 10. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 3,60,00,000-ஐ அந்த எண்ணாலும், 10 சிமிட்டலுக்கான விநாடியாலும் வகுத்தால் வாட் வந்துவிடும்.

அளந்த வாட்டை 1.44-ஆல் பெருக்குங்கள், 60 நாள் யூனிட் கிடைக்கும். 10 வாட் ரௌட்டருக்கு 14 யூனிட் சொச்சம்.

எனக்குச் சந்தேகம் ரௌட்டர் மேல் இல்லை. டிவிஆருக்குள் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் சுழல்கிறது. கேமராக்களுக்கோ பெரும்பாலும் தனி பவர் சப்ளை பெட்டி இருக்கும், உங்கள் கூட்டலில் அதைக் காணோம். இருட்டியதும் கேமராக்களின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி லோடு கூடும். ஆகவே அந்தப் பெட்டியைப் பகலில் ஒரு தடவை, இரவு 8 மணிக்கு மேல் ஒரு தடவை அளந்து பாருங்கள்.