கீமோ முடிந்த பிறகும் ஹெபடைட்டிஸ் மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டம். நிணநீர்ப் புற்றுக்கு ரிடுக்ஸிமாப் ஊசியோடு ஆறு கீமோ முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அப்போது ஆரம்பித்த என்டெகாவிர் என்ற ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை இன்னும் போடுகிறார். ஈரல் டெஸ்ட் எல்லாம் நார்மல். "எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ்தானே, மாத்திரையை நிறுத்திட்டு நாட்டு மருந்து குடுங்க" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்திவிடாதீங்க அம்மிணி. ஈரல் டெஸ்ட் நார்மலாக இருப்பதற்கு அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இப்போது ரத்தத்தில் தெரிகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். அந்த ரிப்போர்ட்டிலேயே 'ஆன்டி எச்.பி.சி. டோட்டல்' என்று இன்னொரு வரி இருக்கும், பாருங்கள். வைரஸ் எப்போதாவது வந்திருந்தால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் வரி அது. அது பாசிட்டிவாக இருந்ததால்தான் மாத்திரை எழுதியிருப்பார்கள். எந்தக் காலத்திலோ ஹெபடைட்டிஸ் பி வந்து, அவருக்கே தெரியாமல் அடங்கியிருக்கிறது. ஆனால் இந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் ஒளிந்து கிடக்கும், முழுதாகப் போகாது. அதைக் காவல் காக்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையைத்தான் ரிடுக்ஸிமாப் அழிக்கிறது. அவை திரும்ப வளர ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். அதனால் வைரஸ் மறுபடி தலைதூக்கும் ஆபத்து கீமோவோடு முடிவதில்லை, பல மாதம் கழித்தும் வரும். 2013-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இந்த ஊசிக்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் இப்படித்தான் தானாக நிறுத்தினார். ஏழாம் மாதம் கண் மஞ்சளானது. வீட்டில் சாதாரணக் காமாலை என்று நினைத்து மூன்று வாரம் பச்சிலையும் உப்பில்லாப் பத்தியமுமாக இருந்தார்கள். என்னிடம் வந்தபோது மகளின் பெயரே அவருக்கு நினைவில்லை. காப்பாற்ற முடியவில்லை.

சாதாரண வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், பெயர் பச்சிலைக்குப் போகும். புற்றுநோய் வைத்தியம் பார்த்தவருக்கு அது பொருந்தாது. கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். கீமோ வார்டு வாசலில் நின்று "ஈரலுக்கு மருந்து இருக்குது" என்று நம்பர் கொடுப்பவர்களை அண்டவே விடாதீர்கள். 'ஹெபடைட்டிஸ் முழுப் பரிசோதனை' என்று பேக்கேஜ் பிடித்துத் தரும் ஏஜென்ட்களும் அப்படித்தான். பல பேக்கேஜில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. கார்டு டெஸ்ட் மட்டும்தான் இருக்கும், நான் சொன்ன இன்னொரு வரி இருக்காது. கீமோ தொடங்கும் முன் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஆன்டி எச்.பி.சி. பாசிட்டிவாக இருந்தும் நோய் வராமல் இருந்திருக்கலாம், அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு. டெஸ்டுக்கு முன்பு அப்பாவுக்கு இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார்களா? அது பல பேருடைய ரத்தத்திலிருந்து எடுப்பது. கொடுத்தவரின் எதிர்ப்பொருள் அப்பாவின் ரத்தத்தில் கலந்து, வராத நோய் வந்தது போலக் காட்டும். ரத்தம் ஏற்றினாலும் சில சமயம் இப்படி ஆகும். ஊசி போட்ட தேதியையும் டெஸ்ட் எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஊசி முந்தியிருந்தால், ஊசிக்கு முந்தைய பழைய ரிப்போர்ட் எதாவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். அப்படி இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, எப்போதுதான் நிறுத்துவது? கடைசி ரிடுக்ஸிமாப் ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 12 மாதம், 18 மாதம் போடுவது இன்னும் பாதுகாப்பு. நிறுத்திய பிறகும் ஒரு வருடம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈரல் டெஸ்டும் வைரஸ் டெஸ்டும் வேண்டும். இந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுத ஏன் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை. புற்றுநோய் டாக்டர் ஈரல் டாக்டரைக் கேளுங்கள் என்பார், ஈரல் டாக்டர் அவரையே கேளுங்கள் என்பார், நடுவில் மாத்திரை தீர்ந்துவிடும். அடுத்த விசிட்டில் சீட்டை நீட்டி, நிறுத்தும் தேதியை எழுதி வாங்கிவிடுங்கள்.

செலவுதான் யோசனை என்றால், 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் மாத்திரை இலவசம். பெருந்துறை அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

அப்புறம், அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதே இல்லை. மாத்திரை வெறும் வயிற்றில் போட வேண்டியது. எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பத்து மணிக்குத் தண்ணீரில் போடட்டும், படுக்கும்போது குடிக்கும் பாலோடு வேண்டாம்.