16 பிரேக்கரைக் கழற்றிவிட்டு 32 போடலாமா?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "டவுனில் வாடகைக்கு எடுத்த சின்னக் கடையில் தேத்தண்ணி, வடை, ரோல்ஸ் விற்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் கரண்டில் தண்ணி கொதிக்கும் பொய்லர் ஒன்று வாங்கினேன். ஏற்கனவே கண்ணாடிச் சூட்டுப் பெட்டி, மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ் இருக்கின்றன. பொய்லர் வந்ததிலிருந்து காலையில் ஆட்கள் பஸ்ஸுக்கு வரும் நேரத்திலும், பின்னேரம் ஸ்கூல் விட்ட பிறகும் பிளக் எல்லாம் செத்துவிடுகிறது. லைட் மட்டும் எரிகிறது. கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினால் வருகிறது, அரை மணித்தியாலத்தில் மறுபடி விழுகிறது. பக்கத்துக் கடை அண்ணன் 16 ஆம்பியர் பிரேக்கரை 32 ஆக்கச் சொல்கிறார். இன்னொருவர் கூடுதல் கரண்ட் தரும் த்ரீ ஃபேஸ் இணைப்பு எடுக்கச் சொல்கிறார். எது சரி, ஐயா?"

இரண்டும் வேண்டாம் அம்மா. முதலாவது கடைக்கு நெருப்பு வைக்கிற வேலை. இரண்டாவது, நீங்கள் சொன்ன சாமான்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லாத செலவு.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. லைட் எரிகிறது என்றால் மெயின் விழவில்லை, கரண்ட் கசிந்தால் விழும் ட்ரிப் சுவிட்சும் விழவில்லை, பிளக் லைனின் பிரேக்கர் மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதுவும் போட்ட உடனே விழாமல் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கிறது. வயரில் ஷோர்ட் இருந்தால் தூக்கிய கணமே "டப்" என்று விழுந்திருக்கும். மெதுவாகச் சூடேறி விழுவது அதிகச் சுமையின் குணம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சாமானின் பின்னாலும் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட்ஸ் எழுதியிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். உங்கள் அளவுக் கடைகளில் நான் வழக்கமாகப் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் தகட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பொய்லர் 2500 வாட்ஸ், சூட்டுப் பெட்டி 800, மைக்ரோவேவ் 1200, ஃப்ரிட்ஜ் 200. மைக்ரோவேவில் ஒரு விஷயம்: முன்பக்கத்தில் 800 என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகும் சூடு. லைனிலிருந்து அது இழுப்பது பின் தகட்டில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 4700 வாட்ஸ், அதாவது 20 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவும் ஒரே 16 பிரேக்கரில்.

அப்படியானால் ஏன் உடனே விழவில்லை? பிரேக்கருக்குள் ஒரு உலோகத் தகடு இருக்கிறது. சுமை கூடினால் அது சூடாகி வளைந்து, பிறகுதான் சுவிட்சைத் தட்டிவிடும். 16 பிரேக்கர் 23 ஆம்பியர் போனாலும் ஒரு மணித்தியாலம் வரை நிற்கலாம், நியமமே அப்படித்தான். அதே கணக்கில் 32 பிரேக்கர் 46 ஆம்பியரைக்கூட அவ்வளவு நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் சுவருக்குள் போகும் வயர் அதைத் தாங்காது. நம் பக்கம் பிளக் லைனுக்கு இழுக்கும் 7/0.67 வயர் (0.67 மில்லிமீட்டர் செம்பு இழை ஏழு கொண்டது), கேசிங் என்ற பிளாஸ்டிக் உறைக்குள் போனால் 20 ஆம்பியரைச் சுற்றித்தான் நிம்மதியாக ஓடும். பழைய கடைவரிசைகளில் அதைவிட மெல்லிய வயரும் இருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் ஏறும் சூடு நான்கு மடங்கு. பிரேக்கர் காப்பது உங்கள் பொய்லரை அல்ல, அந்த வயரைத்தான்.

தலவாக்கலையில் இதே மாதிரி ஒரு கடையில் 32 போட்டிருந்தார்கள். ஒரு வருஷம் எந்தத் தொல்லையும் இல்லை என்றார்கள். கேசிங் மூடியைக் கழற்றி வயரை மெதுவாக வளைத்தேன். உறை அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது. மேலே பலகைத் தட்டு, அதற்கு மேல் சீனி மூட்டை. அதைப் பார்த்த பிறகு இந்த யோசனையை யார் சொன்னாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பொய்லருக்கு மட்டும் போர்டிலிருந்து தனி லைன் ஒன்று இழுக்கச் சொல்லுங்கள்: 7/0.67 வயர், அதோடு எர்த் வயர், தனி 16 பிரேக்கர். பொய்லர் போனதும் பழைய லைனில் மிஞ்சுவது 2200 வாட்ஸ், பத்து ஆம்பியருக்கும் குறைவு. பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

த்ரீ ஃபேஸ் வேண்டுமா என்பதை நீங்களே அளக்கலாம். மீட்டரில் சின்னச் சிவப்பு லைட் ஒன்று மின்னும். பக்கத்தில் 1000 அல்லது 1600 என்று ஒரு எண் இருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மின்னும் என்று அர்த்தம். கடை நெரிசலாக இருக்கும் நேரத்தில், பிரேக்கர் விழுமுன், எல்லாம் ஓடும்போது ஒரு நிமிஷம் எண்ணுங்கள், அல்லது ஃபோனில் வீடியோ எடுத்துப் பிறகு எண்ணுங்கள். எண் 1000 என்றால், எண்ணியதை 60ஆல் பெருக்கினால் வாட்ஸ். 80 தடவை மின்னினால் 4800 வாட்ஸ், 21 ஆம்பியர். எண் 1600 என்றால் வந்ததை 1.6ஆல் வகுங்கள். சாதாரண 30 ஆம்பியர் இணைப்பு 6900 வாட்ஸ் வரை தரும். உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. நாளைக்குக் கரண்ட் ஓவன் வாங்கிப் பேக்கரி போடப் போகிறீர்கள் என்றால் அப்போது த்ரீ ஃபேஸ் பற்றி யோசிக்கலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது பிளக் பொயின்ட். பொய்லரும் சூட்டுப் பெட்டியும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தால், 13 ஆம்பியர் பொயின்ட் ஒன்றின் வழியாக 14 ஆம்பியருக்கு மேல் போகிறது. இன்றைக்கே மெயினை அணைத்து, பொய்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைக் கம்பி நீலமோ கபிலமோ ஏறியிருந்தால், வெள்ளைப் பிளாஸ்டிக்கில் தேத்தண்ணிக் கறை மாதிரி மஞ்சள் வட்டம் இருந்தால், மீன் கவிச்சி போல ஒரு நாற்றம் அடித்தால், அந்தப் பொயின்ட்டை இனிப் பாவிக்காதீர்கள். உள்ளே ஆணி லூசாக இருக்கலாம். லூசான இடத்தில் நெருப்பே பிடித்தாலும் பிரேக்கருக்குத் தெரியாது, ஏனென்றால் கரண்ட் கூடுவதில்லை. பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை எடுத்துவிட்டு சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றி வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளில் கண்டிருக்கிறேன். எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் சுருட்டி வைத்தபடி பாவிக்காதீர்கள், சூடு வெளியேற வழியில்லாமல் உருகும்.

அப்புறம், மழைக்காலத்தில் ஒரு நாள் லைட்டும் சேர்ந்து போகலாம். அப்போது விழுந்தது பட்டன் வைத்த ட்ரிப் சுவிட்சா என்று பாருங்கள். அதுக்கும் சுமைக்கும் சம்பந்தமில்லை, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். நம் மலைநாட்டு மூடுபனியும் தகரக் கூரை ஒழுக்கும் அதற்குப் போதும். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, கம்பி வெளியே வர வேண்டும், ஏனென்றால் நியூட்ரல் பக்கத்தால் கசிந்தாலும் அது விழும். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் தண்ணி கொதிக்கும் சாமானாக இருக்கும். எதுவும் செருகாமலே விழுந்தால் வயரிங்கில் ஈரம், அதை நீங்கள் தேட வேண்டாம். விழுகிறதே என்று ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுக்க யாரையும் விடாதீர்கள். ஈரக் கையோடு பொய்லரைத் தொடுவது நீங்கள்.

வருகிறவர் என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உள்ளவரா என்று கேளுங்கள். எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய கட்டடங்களில் எர்த்தை இரும்புத் தண்ணிக் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயைப் பிறகு பி.வி.சி. ஆக மாற்றியதும் எர்த் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. மீட்டர் பக்கம் சீல் வைத்த பகுதி மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு உரியது, அங்கே சூடோ வாசமோ தெரிந்தால் 1987க்கு அழையுங்கள். வாடகைக் கடை என்பதால், வேலை தொடங்குமுன் கட்டடச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பொயின்ட்டைக் காட்டுங்கள். கறுத்த பிளக்கைக் கண்ணால் பார்த்தவர் செலவில் பங்கு தர அவ்வளவாகத் தயங்க மாட்டார்.

தனி லைன் வரும்வரை, அந்தப் பொயின்ட் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்: கடை திறக்குமுன் சூட்டுப் பெட்டியும் மைக்ரோவேவும் அணைந்திருக்க, பொய்லரை நேரே சுவர்ப் பொயின்ட்டில் செருகிக் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் கழற்றிவிட்டுப் பெட்டியைப் போடுங்கள். நெரிசலில் தண்ணி முடிந்தால், அடுத்த பானையை கேஸில் வையுங்கள்.