எம்ஃபார்ம் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பிரிட்டனில் மருந்தாளராவதற்கான நான்கு ஆண்டுப் படிப்பான எம்ஃபார்முக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் லண்டனில் ஒரு மருந்தகத்தில் பணிபுரியும் மருந்தாளர். ஆண்டுதோறும் ஒரு பல்கலைக்கழகத்தின் நேர்காணல் குழுவிலும் அமர்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எனக்கு வந்த கடிதத்தில் எம்எம்ஐ என்று போட்டிருக்கிறது. அது சாதாரண நேர்காணலிலிருந்து எப்படி வேறுபடும்? (ஹாரோ, மாணவி)

ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருக்குப் பதில் சொல்வது பழைய முறை. எம்எம்ஐயில் பல சிறு நிலையங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள்தான். மணி அடித்ததும் அடுத்த நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே வேறொருவர் மதிப்பிடுவார். ஒன்றில் உரையாடல், ஒன்றில் நடிப்பு, ஒன்றில் நெறிமுறைச் சிக்கல் என்று மாறி மாறி வரும். கணக்குச் சோதனை தனியாகவும் நடக்கலாம்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. இரண்டாவது நிலையத்தில் நீங்கள் தடுமாறியது மூன்றாவதில் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே கதவைத் தாண்டியதும் பழையதை விட்டுவிடுங்கள். முந்தைய நிலையத்தின் கலக்கத்தைச் சுமந்துகொண்டு வந்து, நன்றாகச் செய்யக்கூடிய நிலையத்தையும் கெடுத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

மருத்துவத்துக்கு முயன்றேன், இடம் கிடைக்கவில்லை. இப்போது ஃபார்மசி. "ஏன் ஃபார்மசி?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லலாமா? (கோவென்ட்ரி, மாணவர்)

தம்பி, எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். நம் வீடுகளில் மருத்துவம் முதலிடம், மற்றதெல்லாம் ஆறுதல் பரிசு என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. பிள்ளையும் அதே குரலில் நேர்காணலில் பேசிவிடுகிறது.

கேட்டால் மறைக்க வேண்டாம். "முதலில் மருத்துவத்துக்கு விண்ணப்பித்தேன்" என்பது குற்றமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தோடு நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு மருந்தகத்துக்குப் போய் நின்று பார்த்தீர்களா? ஒரு மருந்தாளரோடு பேசினீர்களா? மருத்துவர் எழுதிய சீட்டில் இருக்கும் இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைக் கண்டுபிடித்து, அந்த மருத்துவருக்குத் தொலைபேசியில் அழைத்து மாற்றச் சொல்பவர் மருந்தாளர்தான் என்பதை அறிந்தீர்களா? அந்த வேலை ஏன் உங்களை ஈர்க்கிறது என்று உங்கள் சொற்களில் சொல்ல முடிந்தால் போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மருந்தாளர்களைப் பதிவு செய்யும் ஜிபிஎச்சி என்னும் ஒழுங்குமுறை மன்றம் 2021இல் கல்வித் தரங்களைத் திருத்தியது. அதன்படி 2026 முதல் புதிதாகப் பதிவு பெறும் மருந்தாளர்கள் பதிவு நாளிலிருந்தே தாமாக மருந்து எழுதித் தரும் தகுதியும் பெறுகிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி, பதிவுத் தேர்வு ஆகிய மூன்றையும் தாண்டி வருபவர் தம் கையெழுத்திலேயே சீட்டு எழுதுவார். இதை அறியாமல் "மருத்துவருக்கு உதவியாக இருக்க விரும்புகிறேன்" என்று சொன்னால், படிக்கப்போகும் படிப்பைப் பற்றி நீங்கள் விசாரிக்கவே இல்லை என்று தெரிந்துவிடும்.

என் மகளுக்கு டியூஷன் ஆசிரியர் மாதிரி விடைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனப்பாடம் செய்யச் சொல்லட்டுமா? (குரொய்டன், தாய்)

வேண்டாம் அம்மா. ஒரே டியூஷனிலிருந்து வரும் பிள்ளைகள் ஒரே உதாரணத்தை ஒரே வரிசையில் சொல்வதை ஒரு காலையிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருக்கிறாரா? மருத்துவமனையில் அவருக்காகத் தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றிப் பேசியது உங்கள் மகள்தானா? வாரம் முழுவதற்கும் உரிய மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து வைப்பது யார்? "மெட்ஃபார்மின் வயிற்றைக் குமட்டுகிறது, நான் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொள்கிறேன்" என்று பாட்டி சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்தியபோது, அதைச் சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும் என்று மருந்தாளரிடம் கேட்டு வந்து சொன்னது யார்? இதைவிட நல்ல அனுபவம் எந்த மாதிரி விடையிலும் கிடைக்காது. நம் பிள்ளைகள் இதையெல்லாம் வீட்டு வேலை என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சொல்லச் சொல்லுங்கள். மருந்தகத்தில் பயிற்சிக்குப் போயிருந்தால் மட்டும், அங்கே பார்த்த நோயாளியின் பெயரோ அடையாளமோ வாயில் வரக் கூடாது.

நடிப்பு நிலையத்தில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? எனக்கு மருந்துகளைப் பற்றி ஒன்றும் தெரியாதே. (லெஸ்டர், மாணவி)

உங்களுக்கு மருந்துகளைப் பற்றித் தெரியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு உதாரணம் தருகிறேன். முதுகுவலிக்காரராக ஒரு நடிகர் வருவார். கோடீன் என்னும் வலிநிவாரணி கலந்த பாரசிட்டமால் மாத்திரை வேண்டும் என்பார். இதே வாரத்தில் ஏற்கெனவே வாங்கியிருக்கிறார் என்று உங்கள் குறிப்பில் இருக்கும். அவர் அவசரப்படுவார், குரலை உயர்த்துவார்.

சிலர் பயந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சிலர், "நீங்கள் இதற்கு அடிமையாகிவிட்டீர்களா?" என்று போலீஸ் விசாரணை தொடங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்து. வலி எப்போது தொடங்கியது, இதுவரை என்ன எடுத்தீர்கள், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, கால் மரத்துப்போகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். அந்தப் பெட்டியிலேயே மூன்று நாளுக்கு மேல் எடுக்கக் கூடாது, பழக்கமாகிவிடும் என்று அச்சிட்டிருக்கும். அதில் பாரசிட்டமாலும் இருப்பதால், தனியாகவும் பாரசிட்டமால் எடுப்பவருக்கு அளவு மிஞ்சி ஈரலைத் தாக்கலாம். இவை தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால், "இதை இப்போது தருவது உங்களுக்குப் பாதுகாப்பா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, மருந்தாளரை அழைக்கிறேன், நீங்கள் வலியோடு திரும்பிப் போக விடமாட்டோம்" என்று சொல்லுங்கள்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறார். நடிகர் கத்தத் தொடங்கியதும் இவர் தன் குரலைத் தாழ்த்தினார். "நின்றுகொண்டே பேசினால் முதுகு இன்னும் வலிக்கும், முதலில் உட்காருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மருந்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரியில்லை. அந்த நிலையத்தில் அவருக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தேன்.

கணக்குச் சோதனை எவ்வளவு கடினம்? (ஸ்லௌ, மாணவர்)

கணக்கு எளிது, பதற்றம்தான் கடினம். இப்படி வரும்: குழந்தையின் எடை 18 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்குக் கொடுக்க வேண்டும். மருந்தில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர்?

18ஐ 15ஆல் பெருக்கினால் 270 மில்லிகிராம். அதை 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 11.25 மில்லிலிட்டர். புள்ளி ஓரிடம் தள்ளி 112.5 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேளைக்கு 100 மில்லிலிட்டர் புட்டி முழுவதும் கொடுத்தாலும் போதாத அளவு அது! விடை வந்ததும் அதை ஒரு குழந்தையின் வாயில் ஊற்றுவதாகக் கற்பனை செய்யுங்கள், தவறு தானே தெரியும்.

ஒரு சதவீதக் கரைசல் என்றால் 100 மில்லிலிட்டரில் 1 கிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். இவை தூக்கத்திலும் வர வேண்டும். சில இடங்களில் கால்குலேட்டர் தரமாட்டார்கள், கையால் போட்டுப் பழகுங்கள்.

நாட்டு நடப்பு கேட்பார்களா?

கேட்பார்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 அன்று தொடங்கிய ஃபார்மசி ஃபர்ஸ்ட் திட்டத்தை அறிந்திருங்கள். தொண்டை வலி, காதுத் தொற்று, சைனஸ், பூச்சிக்கடித் தொற்று, இம்பெடைகோ என்னும் தோல் தொற்று, அக்கி, பெண்களுக்கு வரும் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும், வயது முதலிய விதிகளுக்கு உட்பட்டு, மருத்துவரைப் பார்க்காமலே மருந்தகத்தில் சிகிச்சை பெறலாம். ஸ்கொட்லாந்தில் அதே பெயரில் வேறு திட்டம் 2020 முதல் இருக்கிறது. கிளாஸ்கோவில் நேர்காணலுக்குப் போய் இங்கிலாந்தின் ஏழு நோய்களை ஒப்பிக்காதீர்கள்.

என் மத நம்பிக்கைப்படி அவசரக் கருத்தடை மாத்திரை கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கேட்டால் என்ன சொல்வது? (பெயர் வேண்டாம்)

உங்கள் நம்பிக்கையை மறைக்கவும் வேண்டாம், நோயாளிக்கு அதைப் போதிக்கவும் வேண்டாம். ஜிபிஎச்சி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தாளரின் நம்பிக்கையால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய சேவை கெடக் கூடாது என்கிறது. அந்த மாத்திரை நேரம் கடக்கக் கடக்கப் பலன் குறையும் மருந்து. சனிக்கிழமை மாலை, பக்கத்தில் வேறு மருந்தகம் திறந்திருக்கவில்லை, எதிரே பதறி நிற்கும் ஒரு பெண். அப்போது என்ன செய்வீர்கள் என்று வீட்டிலேயே நேர்மையாக யோசித்துவிட்டு வாருங்கள். "வேறு இடத்துக்குப் போகச் சொல்வேன்" என்பதோடு முடியும் பதில் எனக்குப் போதாது.

மதுரையில் பி.ஃபார்ம் முடித்தேன். ஓஸ்பாப் படிப்புக்கு நேர்காணல் இருக்கிறது. இதே தயாரிப்பு போதுமா?

ஓஸ்பாப் என்பது வெளிநாட்டில் படித்த மருந்தாளர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. அதன் பிறகு 52 வாரப் பயிற்சியும் பதிவுத் தேர்வும் உண்டு. உங்களுக்கு மருந்தியல் தெரியும் என்று எடுத்துக்கொண்டு இந்நாட்டு நடைமுறையைக் கேட்பார்கள். அங்கே, மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கும் மருந்துகளை ஷெட்யூல் எச் என்று பழகியிருப்பீர்கள். இங்கே சீட்டு இருந்தால் மட்டும் தருவது, மருந்தாளரின் மேற்பார்வையில் விற்பது, எந்தக் கடையிலும் கிடைப்பது என மூன்று வகை. பாரசிட்டமாலையே எடுத்துக்கொண்டால், பல்பொருள் அங்காடியில் 16 மாத்திரைப் பெட்டிதான், மருந்தகத்தில் 32 மாத்திரைப் பெட்டி வரை கிடைக்கும். தற்கொலைகளைக் குறைக்க 1998இல் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. இப்படி ஒரு விதியை அதன் காரணத்தோடு சொல்லிப் பழகுங்கள்.

மகளுக்கு இணையவழி நேர்காணல். கேமராவுக்கு வெளியே பக்கத்தில் உட்கார்ந்து நான் உதவலாமா? (இல்ஃபோர்ட், தந்தை)

கூடாது ஐயா. பிள்ளையின் கண் பக்கவாட்டில் ஓடுவது திரையில் அப்படியே தெரியும், விண்ணப்பமே ரத்தாகலாம். வைஃபை சரியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் தம்பி தங்கைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்.