படுக்க முதல் உள்ளங்காலை ஒருக்கா பாருங்கோ

முப்பது வருசம் தாதியா வேலை செய்தன். அதில பாதிக்கு மேல புண்ணுக்கு மருந்து கட்டுற அறைக்குள்ளதான் போனது. கையில வெட்டுப்பட்டால் அண்டைக்கே ஓடி வருவினம். காலில புண் எண்டால் மணக்கத் தொடங்கின பிறகுதான் வருவினம். இப்ப ஓய்வெடுத்துக் கிளிநொச்சிப் பக்கம் வீட்டோட இருக்கிறன். கால் சம்பந்தமா எதுவும் கேளுங்கோ எண்டு சொல்லியிருந்தன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒண்டாக்கிப்போட்டன்.

ஒட்டுசுட்டானிலிருந்து, வயல் செய்யிறவர்: மிஸ்ஸி, காலபோக வேலை தொடங்கினால் எனக்கு விரல் இடுக்கெல்லாம் வெள்ளையா ஊறி, தோல் உரிஞ்சு, ஒரே கடியும் எரிவும். அப்பு மண்ணெண்ணெய் பூசச் சொல்லுறார். பூசலாமோ?

மண்ணெண்ணெயை விளக்குக்கு வைச்சிருங்கோ. ஊறின தோலில அது பட்டால் வெந்துபோகும். பிறகு சேற்றுப்புண்ணோட சூட்டுப்புண்ணுக்கும் சேர்த்து மருந்து கட்ட வேண்டி வரும்.

உங்கட கதையில குற்றவாளி சேறில்லை, ஈரம். விரலுக்கு நடுவில ஈரம் நிண்டால் தோல் ஊறும், ஊறின தோலில பங்கசு (பூஞ்சணம்) பிடிக்கும். வயலால ஏறினவுடன கிணத்தடியில சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, பழைய சாரத் துண்டொண்டை எடுத்து ஒவ்வொரு விரல் இடுக்கையும் தனித்தனியாத் துடையுங்கோ. முக்கியமா நாலாம் விரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவில, அதிலதான் முதல் தொடங்கும். பிறகு பின்னேரம் முழுக்கக் காலுக்குக் காத்துப் படட்டும். காலமை இறங்க முதல் தேங்காய் எண்ணெயோ வாசலீனோ பூசினால் தண்ணி ஊறுறது குறையும். ஆனால் வெடிக்காத, புண்ணில்லாத தோலில மட்டும்.

கடி இருந்தால் குளோட்ரிமசோல் கிறீம் வாங்கி நாளுக்கு இரண்டு தரம் பூசுங்கோ. மாறின மாதிரித் தெரிஞ்ச பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூச வேணும், எல்லாரும் பிழைவிடுறது அந்த இடத்திலதான். கடைக்காரர் "கடிக்குத் திறம்" எண்டு ஸ்டீரோயிட் கலந்த ரியூப் தந்தால் வாங்காதேங்கோ. கடி இரண்டு நாளில நிக்கும், பங்கசு உள்ளுக்குள்ள பரவும்.

இன்னொண்டு. உரிஞ்ச தோலுக்குள்ளாலதான் எலிக்காய்ச்சல் கிருமியும் ஏறும். எலியின்ர சிறுநீர் கலந்த வயல் தண்ணியில அது இருக்கும். விதைப்புக் காலத்தில உங்கட பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேளுங்கோ, கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் போடச் சொல்லித் தருவினம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளையளும் அதைப் போடக் கூடாது. வயலுக்குப் போய் இரண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு வந்தால் பனடோலோட படுக்காமல் ஆசுபத்திரிக்குப் போய், "வயலுக்குள்ள நிண்டனான்" எண்டு நீங்களாகவே சொல்லுங்கோ. அந்த ஒரு வசனம் வைத்தியருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

அதே ஆள் திரும்ப: கம்பூட்ஸ் போட்டால் எல்லாம் சரிவருமோ?

சேத்துக்குள்ள அது இழுபடாது எண்டு எனக்கும் தெரியும், நானும் வயல்காரன்ர மகள்தான். ஆனால் இரவில தண்ணி மாறப் போகேக்கை கட்டாயம் போடுங்கோ, கையில ரோச்சும் இருக்கட்டும். புடையன் கடிக்கிறது பெரும்பாலும் பாதத்திலயும் கணுக்காலிலயும்தான். கடிச்சால் கயிறு கட்டுறது, கீறுறது ஒண்டும் வேண்டாம். காலை ஆட்டாமல் வைச்சுக்கொண்டு நேர ஆசுபத்திரிக்கு.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 12 வருசமாச் சலரோகம். பஞ்சுக்கு மேல நடக்கிற மாதிரி இருக்காம். நோ ஒண்டும் இல்லை எண்டுறார். சுடுதண்ணிக்குள்ள கால் வைச்சால் இரத்த ஓட்டம் கூடுமோ?

தங்கச்சி, எனக்குப் பயம் தாறது அந்த "நோ ஒண்டும் இல்லை"தான்.

ஒருநாள் ஒரு ஐயா கிளினிக்குக்கு வந்தவர். காலில ஏதோ ஈரமாக் கிடக்கு எண்டார். பாட்டாவைக் கழட்டச் சொன்னன். பாட்டா கழராது. பிடிச்சுப் பார்த்தால், அரை விரல் நீள முள்ளுக்கம்பித் துண்டொண்டு பாட்டாவின்ர அடியால ஏறிச் சின்ன விரலுக்குக் கீழ உள்ளங்காலுக்குள்ள நிக்குது. காலும் செருப்பும் சேர்த்துத் தைச்ச மாதிரி. மனுசன் அதோட காலமை கடைக்குப் போய், பஸ் ஏறி, வரிசையில மூண்டு மணித்தியாலம் இருந்திருக்கிறார். பிறகு அந்தச் சின்ன விரலை எடுக்க வேண்டி வந்தது.

சீனி கனகாலம் கூடி நிண்டால் காலின்ர நரம்பு உணர்ச்சியை இழக்கும், இரத்தக் குழாயும் ஒடுங்கும். குத்தினாலும் தெரியாது, குத்தின இடம் லேசில ஆறவும் மாட்டுது. அதால அப்பாவுக்குச் சுடுதண்ணி வேண்டவே வேண்டாம். கொதிக்கிற தண்ணியும் அவருக்கு இளஞ்சூடாத்தான் தெரியும். கழுவ இளஞ்சூட்டுத் தண்ணி எடுத்தாலும் உங்கட முழங்கையை வைச்சுப் பார்த்துக் குடுங்கோ.

வீட்டுக்குள்ளயும் செருப்பு. போட முதல் கவிட்டுத் தட்டி, உள்ளுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்க்க வேணும். பின்பக்கம் வார் உள்ள செருப்பெண்டால் நல்லம். கிறீம் பூசினால் பாதத்தில பூசுங்கோ, விரல் இடுக்கில பூசாதேங்கோ. ஆணிக்காலுக்கு ஒட்டுற பிளாஸ்ரர் அவருக்கு ஆகாது, அதில இருக்கிற அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். கிளினிக்கில வருசத்துக்கு ஒருக்காவாவது கால் பரிசோதனை கேளுங்கோ. மெல்லிய நைலோன் இழை ஒண்டால உள்ளங்காலைத் தொடுவினம். அது வளையிறபோது 10 கிராம் அழுத்தம். அது தெரியாட்டில் கால் காவலை இழந்திட்டுது எண்டு அர்த்தம்.

புது நிறமாற்றம், கொப்புளம், ஒரு கால் மற்றதைவிடச் சூடா வீங்கியிருக்கிறது, இதில எது கண்டாலும் நாளைக்குப் பார்ப்பம் எண்டு இருக்காமல் அண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அக்கா: சோளகக் காத்து அடிக்கத் தொடங்கினால் குதிக்கால் வெடிச்சு இரத்தம் வருது. இது பித்தம் கூடினதாலயோ?

பித்தவெடிப்பு எண்டு பேர் வைச்சவரைத்தான் கேக்க வேணும். காஞ்ச காத்து, புழுதி, பின்பக்கம் திறந்த செருப்பு, நாள் முழுக்க நிண்டு செய்யிற வேலை, இவ்வளவும் சேர்ந்தால் காணும். குதியின்ர தடிச்ச தோல் பாரத்தில பக்கவாட்டா விரிஞ்சு பிளக்குது.

இரவில பத்து நிமிசம் இளஞ்சூட்டுத் தண்ணியில வைச்சு, கல்லால மெதுவாத் தேயுங்கோ. சீமெந்துத் திண்ணையில உரஞ்சாதேங்கோ அக்கா, எனக்குத் தெரியும் உரஞ்சுவீங்கள். ஒத்தித் துடைச்சு, ஈரப்பதம் போக முதல் வாசலீனோ நல்லெண்ணெயோ பூசிப் பருத்திக் காலுறை போட்டுப் படுங்கோ. இரண்டு கிழமையில வித்தியாசம் தெரியாட்டில் யூரியா கலந்த கிறீம் வாங்கலாம். வயலுக்குப் போடுற யூரியா இல்லை! சலரோகம் இருக்கோ எண்டும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கோ.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து: வலை இழுக்கேக்கை திருக்கை முள் குத்திப்போட்டுது. அடுத்த முறை என்ன செய்ய?

திருக்கை விசம் சூட்டில கெடும். காலைத் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணிக்குள்ள, கிட்டத்தட்ட 45 பாகை, அரை மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை வையுங்கோ. குத்துப்பட்டவர் நோவில சூட்டை மட்டுக்கட்ட மாட்டார், பக்கத்தில நிக்கிறவர் கை வைச்சுப் பார்க்க வேணும். நோக் குறைஞ்சாலும் ஆசுபத்திரிக்குப் போங்கோ. முள் உள்ளுக்குள்ள முறிஞ்சு கிடக்கலாம், ஏற்பு ஊசியும் (ரெற்றனஸ் ஊசி) போட வேணும். ஆழம் குறைஞ்ச தண்ணியில காலைத் தூக்கி வைக்காமல் மணலில இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை அருண்டு விலகிப் போகும்.

விசுவமடுவிலிருந்து: 2009இல முழங்காலுக்குக் கீழ ஒரு கால் போனது. செயற்கைக் கால் போடுற இடம் வேர்த்து அவிஞ்சு மணக்குது.

தம்பி, வெட்டின பிறகு மிஞ்சின காலைக் காலமையில கழுவாதேங்கோ, இரவில கழுவுங்கோ. ஈரத் தோல் உப்பியிருக்கும், அதோட செயற்கைக் காலின்ர கிண்ணத்துக்குள்ள விட்டால் உரஞ்சும். மிஞ்சின காலில போடுற துணி உறையை ஒவ்வொரு நாளும் தோய்க்க வேணும், அதால இரண்டு மூண்டு சோடி வைச்சிருங்கோ. வெயிலில வேலை செய்யிறீங்களெண்டால் மத்தியானம் ஒருக்கா கழட்டித் துடைச்சு உறை மாத்துங்கோ. கழட்டின பிறகு பார்க்கிற சிவப்பு பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில மங்க வேணும். மங்காட்டில் கிண்ணம் இப்ப உங்களுக்கு அளவில்லை. பஞ்சு அடைச்சுச் சமாளிக்காமல் செய்து தந்த இடத்துக்குக் கொண்டு போய்க் காட்டுங்கோ.

ஆனால் நீங்கள் கேக்காத காலைப் பற்றித்தான் எனக்கு யோசனை. பதினைஞ்சு வருசத்துக்கு மேல உடம்பின்ர பாரத்தைக் கூடுதலாத் தாங்கிறது மற்றக் கால். அதுக்கு நல்ல சப்பாத்து வாங்கிப் போடுங்கோ.

முள்ளியவளையிலிருந்து: வற்றாப்பளை அம்மனுக்கு வெறுங்காலோட நடக்க நேர்த்தி. தார் றோட்டு கொதிக்குமே?

வைகாசி வெயில், கொதிக்கத்தான் செய்யும். விடிய முதல் வெளிக்கிட்டு ஒன்பது மணிக்கு முதல் நடையை முடியுங்கோ. கொப்புளம் வந்தால் குத்தாதேங்கோ, தானா உடைஞ்சால் மேல்தோலை உரிக்காமல் கழுவித் துணி கட்டுங்கோ. சலரோகக்காரர் கோயில் வாசல் வரைக்கும் செருப்போட போங்கோ. கடல்தண்ணியில விளக்கெரிய வைக்கிற அம்மாளுக்கு உங்கட சீனி அளவு விளங்காதோ?

சின்னக் கேள்விகள்: பிள்ளையின்ர பள்ளிச் சப்பாத்து மணக்குதோ, காலுறையை ஒவ்வொரு நாளும் மாத்தி, சப்பாத்தை நாக்கை வெளியால இழுத்துவிட்டு வெயிலில காய விடுங்கோ. சப்பாத்துப் பின்னேரத்தில வாங்குங்கோ, கால் அப்பதான் முழு அளவு. நகத்தை நேர வெட்டுங்கோ, மூலையைத் தோண்டினால் சதைக்குள்ள வளரும். மலசலகூடத்துக்கும் தோட்டத்துக்கும் போகேக்கை பிள்ளையளுக்குச் செருப்பு வேணும், கொளுக்கிப்புழு உள்ளங்காலால ஏறி இரத்தத்தைக் குடிக்கும்.

மாங்குளத்திலிருந்து ஒரு அம்மா: ஒவ்வொரு நாளும் பார் எண்டுறாய் பிள்ளை. எனக்குக் குனியவே ஏலாது.

முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில வைச்சு, கதிரையில இருந்துகொண்டு காலை அதுக்கு மேல பிடியுங்கோ அம்மா. கண் மங்கலெண்டால் பேரப்பிள்ளையிட்ட ரோச்சைக் குடுங்கோ. என்ர அம்மாவுக்கு என்ர மகன் பார்த்தவன். விரலை ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணிக்கொண்டு வந்து, பத்து எண்டு முடிச்சால் ஒரு மில்க் ரொபி. ஒருநாள் ஏழில நிப்பாட்டிப்போட்டு, "அம்மம்மா, இதில கறுப்பா ஒரு புள்ளி" எண்டான். ஈச்சமுள்.